ஈரப் பஞ்சும் என் தலைமுடியும்

1. பஞ்சு சிவந்தது

கரையான்சாவடியில் நான் வேலை பார்க்கும் பெட் கிளினிக்கின் பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நாய்க்குச் சீவும் சீப்பால் என் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். இப்படி ஆரம்பித்தால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு சுலபமான சோதனை உண்டு. பூனையோ நாயோ ஓயாமல் சொறிந்தால், நெருக்கமான பல் வைத்த சீப்பால் சீவி, விழும் கருப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைப்போம். கருப்பாகவே இருந்தால் மண். சிவப்பாகக் கசிந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம். அது குடித்துக் கழித்த ரத்தம். கஸ்டமர்களுக்கு முன்னால் வித்தைக்காரன் மாதிரி இதைச் செய்துகாட்டிப் பெயர் வாங்குவது என் வழக்கம்.

அன்று என் தலையிலிருந்து விழுந்த துகளை வைத்தேன். பஞ்சு சிவந்தது.

2. பாக்கெட்டில் இருந்த கிளவுஸ்

எல்லாம் பேகத்தால் வந்தது. பேகம், பூந்தமல்லியில் மெத்தை தைத்து விற்கும் நசீர் பாய் வளர்க்கும் பூனை. சாப்பாடு இறங்கவில்லை என்று கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. டாக்டர் மேடம் ரத்தத்தை ஸ்லைடில் பார்த்தார். சிவப்பணுக்களின் மேல் பொடிப்பொடியாக பாக்டீரியா.

"தெள்ளு கடிச்சுப் பரவியிருக்கும் பாய். ரத்தம் ரொம்ப இறங்கிடுச்சு. டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒருநாள்கூட விடக் கூடாது. விட்டா காப்பாத்துறது கஷ்டம்."

அந்த மாத்திரை தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். பின்னாலேயே சிரிஞ்சில் தண்ணீர் புகட்ட வேண்டும். பாய்க்கு அது கைவரவில்லை. தினமும் கிளினிக்குக்கே தூக்கிவருவதாகவும், மாத்திரை கொடுப்பது என் பொறுப்பென்றும் முடிவாயிற்று.

முதல் நாள் கூடையிலிருந்து எடுக்கும்போதே பேகம் என் மணிக்கட்டில் நகத்தால் இழுத்துவிட்டாள்.

"கிளவுஸ் எங்க பாஸ்கர்?" என்றார் மேடம்.

"பாக்கெட்ல இருக்கு மேடம்."

"பாக்கெட்டையா பிராண்டப் போகுது?"

ரத்தத்தை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வீரனாகச் சிரித்தேன்.

சில நாள் கழித்து வீரனுக்குக் காய்ச்சல். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் வியாதிகளை ஒவ்வொன்றாக எனக்குப் பொருத்திப் பார்த்தேன். வெறிநாய்க்கடி ஊசி முன்பே போட்டவன்தான். இருந்தாலும் தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா என்று குடித்துக் குடித்துப் பார்த்தேன். வயிறுதான் நிறைந்தது. கடைசியில், தெள்ளு என் மேலேயே குடியேறிவிட்டதோ என்று தோன்றியது. அதனால்தான் அந்தச் சீப்பு, அந்தப் பாத்ரூம்.

3. பாயின் தாடி

வெளியே பாயின் குரல். "பாஸ்கரு! உள்ள இன்னா நைனா, குடித்தனம் பண்ணிகினு கீறியா? பேகத்துக்கு மாத்திர நேரம்."

மேடம் காட்டுப்பாக்கத்தில் ஒரு நாயைப் பார்க்கப் போயிருந்தார்.

"பாய், கிட்ட வராதீங்க. என் மேல தெள்ளு ஏறிடுச்சு. பேகத்துக்கு மறுபடி தொத்திக்கும்."

"யாருப்பா சொன்னது?"

கதவிடுக்கில் பஞ்சை நீட்டினேன். பாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலைக்கு இன்னா போடுற?"

"பாய், மெதுவா. பக்கத்துக் கடைக்குக் கேக்கும். கருப்பு மெஹந்தி."

"ஒழுங்கா அலசினியா?"

"வேலைக்கு நேரமாச்சுன்னு லேசா..."

அவர் சிரித்ததில் கூண்டிலிருந்த நாய் குரைத்தது. "மருதாணி போட்ட என் தாடிய சீவிப் பாரு, இதே செவப்புதான் வரும். அப்ப நான் இன்னா, தெள்ளு மூட்டையா?" சட்டென்று குரல் இறங்கியது. "அத்த வுடு. வெளிய வா. காலைலேர்ந்து இவ தலையே தூக்கல."

வந்தேன். அன்றைக்கு என் கையைக் கிழித்தவள், விரல் பட்டதும் வாயைத் திறந்துகொண்டாள். கொஞ்சம்கூட எதிர்ப்பில்லை. அக்குள் கட்டியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மாத்திரையைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். விழுங்கினாள். பாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

4. ரோஜாச் செடி

மேடம் திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். "நான் பூனைக்குப் பாக்கிறவ. மனுஷ டாக்டர்கிட்ட போங்க. போனதும் பூனை பிராண்டினதைச் சொல்லுங்க."

நானோ அங்கே போய், மானத்துக்குப் பயந்து, ரோஜாச் செடி முள் என்றேன். அந்த டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எந்த ஊர் ரோஜாச் செடிங்க வரிசையா மூணு கோடு போடும்?"

உண்மையைச் சொன்னேன். பூனையின் நகத்தில் ஒட்டியிருந்த தெள்ளு எச்சத்தில் வேறொரு பாக்டீரியா. பிராண்டலில் அது உள்ளே போனால் இப்படிக் கட்டியும் காய்ச்சலும் வருமாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும் என்றார். அடங்கியது. என் சோதனை பொய். ஆனால் குற்றவாளி தெள்ளுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளவுஸைக் கையில் போடுங்கள். பிராண்டினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டாக்டரிடம் முதல் பேச்சிலேயே பூனையைச் சொல்லிவிடுங்கள்.

பாய் மெத்தைப் பஞ்சையெல்லாம் வெயிலில் போட்டார். பேகத்தின் பிடரியில் தெள்ளு மருந்து விட்டோம். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. ஒரு காலை, கிளவுஸ் போட்ட கையோடு வாயைத் திறக்கப் போனேன். நாலு காலாலும் என் கையைக் கட்டிப் பிடித்து, கிளவுஸை டர்ரென்று கிழித்தாள். ஈறு லேசாக ரோஸ் நிறம். ரத்தம் ஏறியிருக்கிறது என்ற ரிப்போர்ட் சாயங்காலம்தான் வந்தது. எங்களுக்கு அந்தக் கிழிசலே போதும்.

சோப்பை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினேன். பாய் பின்னாலிருந்து கத்தினார்: "அப்படியே தலையையும் அலசிக்க நைனா!"