தண்ணீருக்கும் கொழுப்பு

திண்டுக்கல்லில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் காலை, வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியோடு வந்தார். முருங்கைக்காய் மாதிரி ஒல்லியான மனிதர். அவர் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று மெஷின் காட்டியது.

"மூணு வேளையும் கஞ்சி குடிக்கிறவனுக்கு எப்படித் தம்பி கொழுப்பு?" என்று அவர் பதறினார்.

மனைவிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "கல்யாணமான நாள்லருந்து இவருக்கு அம்புட்டுக் கொழுப்புன்னு நானும் சொல்றேன், ஒருத்தரும் நம்பல. இப்ப மெஷினே சொல்லிருச்சு!"

அன்று வந்த எல்லோருக்கும் அப்படியே காட்டியதால் எனக்குச் சந்தேகம் வந்தது. வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்கும் கொழுப்பு இருந்தது.

இந்தப் பரிசோதனை கொழுப்பை நேராக அளக்காது. அதை உடைத்து, வெளிவரும் கிளிசராலைத்தான் அளக்கும். கிளிசரால் வேறு எங்கிருந்து வந்தாலும் மெஷினுக்கு அது கொழுப்புதான். சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கும் அக்காவின் கைகளைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன.

"சோப்புத் தண்ணியில கை வெடிச்சுப் போச்சுப்பா. மருந்துக் கடையில கிளிசரின் வாங்கித் தடவுனேன். ஏன், என்னாச்சு?"

கிளிசராலுக்குக் கடையில் வழங்கும் பெயர்தான் கிளிசரின். அக்காவின் கையிலிருந்து அது குழாய்களில் ஒட்டியிருந்தது. புதுக் குழாய்களை எடுத்து மறுபடி சோதித்தேன். விவசாயிக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் நீட்டிய புது முடிவுத் தாளை மனைவி தொடவே இல்லை. "மெஷினு மொதல்ல சொன்னதுதான் நெசம். நீ மனசு எளகி மாத்திட்ட தம்பி" என்று சொல்லிவிட்டு, அவரைப் பேருந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.