அத்தை ஆடிட்டுக்கு வந்த கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வருடந்தோறும் வந்தது. ஆடிட் ஒரே ஒரு முறைதான் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்த அந்த வருடம் நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். குறை சரியானால் ஸ்டிக்கர் உரியும், இல்லாவிட்டால் துணி ரிஜெக்ட். அப்பா அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் தைத்த துணிகளில் அம்மா ஒட்டிய அம்புகள்தான் இருவருக்கும் இடையே நடந்த முதல் பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

ஆடிட் என்பது அந்தக் கம்பெனியின் திருவிழா. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள், இங்கே தொழிலாளிகள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அந்த வாரம் மட்டும் எல்லாரும் மிக நன்றாக இருப்பார்கள். வழியை அடைத்துக் கிடந்த மூட்டைகள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும். தரையில் மஞ்சள் கோடு முளைக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்துசேரும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் எல்லாரையும் நிறுத்தி ஒப்பிக்க வைப்பார். இதையெல்லாம் அம்மா வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். தனக்கே ஒரு ஆடிட் வரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வந்த ஆடிட்டர் அப்பாவின் அக்கா. டிசம்பர் பிறந்ததும் ஊரிலிருந்து போன் செய்தார். அத்தைக்குப் போனில் பேசுவது என்றால் தூத்துக்குடியிலிருந்து திருப்பூருக்கு நேராகவே கூப்பிடுவது மாதிரி. அறையின் மறுமூலையில் இருந்த எனக்கும் கேட்டது.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிட்டா அது வீடால, சத்திரமால? புள்ள கழுத்துல சாவியக் கட்டித் தொங்கவிட்டிருக்கியளாம். கிறிஸ்மஸுக்கு நானே வந்து பாக்கேன். சரியில்லன்னா புள்ளைய இங்கன கூட்டியாந்து நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுதேன்."

நான் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அத்தை வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். மாமா இறந்து, இரண்டு மகன்களும் வளைகுடா வேலைக்குப் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அத்தை மட்டும் இருந்தார். ஐந்து அறைகளில் நான்கு பூட்டிக் கிடந்தன. சுவர்க்கடிகாரம் நகரும் சத்தம் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்ற எங்கள் லைன் வீட்டிலோ, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு எங்கள் அடுப்பை அணைத்த நாட்கள் உண்டு. அந்தக் கடிகார வீட்டுக்குப் போவதைவிட தினம் கணக்குப் பரீட்சை எழுதிவிடலாம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவின் கவலை வேறு ஒன்று. எங்கள் வீட்டில் சமைப்பது அப்பா. பீஸ் கணக்கில் தைப்பதால் அவர் சீக்கிரம் வந்துவிடுவார், அதோடு அவருக்குக் கை மணம் உண்டு. அம்மா தாளித்தால் கடுகுகூடக் கோபித்துக்கொள்ளும். இது மட்டும் தெரிந்தால் அக்கா, தம்பி மகளை விட்டுவிட்டு முதலில் தம்பியைத்தான் கூட்டிப்போகும் என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

"ஏனுங்க, இதையும் ஆடிட்டுன்னே வெச்சுக்கலாங்க," என்றாள். "கம்பெனில பண்ற மாதிரியே ஊட்லயும் பண்ணிப்போடலாம்."

அன்று முதல் எங்கள் ஒன்றரை அறை வீடு செக்கிங் மேசையானது. அம்மா வேலையிலிருந்து வந்ததும் ஸ்டிக்கர் சுருளோடு சுற்றி வருவாள். ஃபேன் இறக்கையில் ஓர் அம்பு, சுவரில் என் கைத்தடத்தில் ஓர் அம்பு, கரி பிடித்த சட்டியின் அடியில் ஓர் அம்பு. முதல் நாள் மட்டும் நாற்பத்தொன்று. அப்பாவும் நானும் துடைத்துச் சுரண்டிக் கழுவி ஒவ்வொன்றாக உரித்தோம். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, செருப்பு இதற்குள், பக்கெட் இதற்குள், புத்தகப் பை இதற்குள் என்று எல்லை வகுத்தாள். எனக்கும் ஒரு துண்டு ஸ்டிக்கர் கொடுத்து உதவி செக்கராக நியமித்தாள்.

"எங்க கொறை கண்டாலும் ஒட்டிப்போடு கண்ணு. வாயில மட்டும் சொல்லாதே."

மிஞ்சிய சாமான்களுக்கும் கம்பெனி வழிதான். அடுத்த வீட்டில் இருந்தவர் பனியன் வேஸ்ட் வியாபாரி. பாய் என்போம். அவருடைய குடோனுக்கு எங்கள் உடைந்த நாற்காலி, ரிஜெக்ட் துணி மூட்டை, பழைய சைக்கிள், என் கழுத்துச் சாவி எல்லாம் போயின. அங்கிருந்து ஒரு மூட்டை வெள்ளை நூல் கழிவு வந்து எங்கள் மாட்டுத்தொழுவக் குடிலில் பனியாகப் பெய்தது. வாசலில் காகித நட்சத்திரம் கட்டினோம். மூவருக்கும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டில் கலைமான் போட்ட சிவப்பு டீ-ஷர்ட் கிடைத்தது. பிரிண்ட் விட்டுப்போய் என் கலைமானுக்கு மூன்று கால்தான்.

கடைசியாக ஒப்பித்தல். ஐந்து கேள்வி, ஐந்து பதில். யார் சமைப்பது? அம்மாதாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன செய்வாய்? கை கால் கழுவிட்டுப் படிப்பேனுங்க. அம்மா எப்போது வருவாள்? ஆறு மணிக்குங்க. அப்பா வீட்டில் என்ன செய்வார்? பேப்பர் படிப்பாருங்க. ஐந்தாவதைத்தான் அம்மா அதிகமாக ஒப்பிக்க வைத்தாள். என்னோடு வருகிறாயா என்று அத்தை கேட்டால், "இல்லீங்கத்தை, எனக்கு இங்கதான் புடிச்சிருக்குங்க." இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்றும் பயிற்சி இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் அத்தை ஒரு துணிப்பையும் பெரிய தகர டின்னுமாக வந்து இறங்கினார். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். நான் கேள்விகளை மறந்துவிட்டேன். பதில்களின் வரிசை மட்டும் நினைவிருந்தது.

"என்னட்டி, இப்பிடி மெலிஞ்சு போயிட்ட? ஏன்?"

"அம்மாதாங்க."

அத்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனாவது படிக்க?"

"கை கால் கழுவிட்டுப் படிப்பேனுங்க."

"வயசு எத்தன ஆச்சு?"

"ஆறு மணிக்குங்க."

"புள்ளைக்கு என்னமோ கோளாறு," என்றார் அத்தை. "ஒங்கப்பன் எங்க?"

"பேப்பர் படிக்கிறாருங்க," என்று நான் முழங்கினேன். அதே நேரத்தில் அப்பா விரலெல்லாம் மஞ்சள் தூளாக அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததும் மறுபடி உள்ளே போய், மசாலா கட்டி வந்த காகிதத்தை விரித்துப் படித்துக்கொண்டே வந்தார். அக்காவின் பையை எடுக்க அவர் குனிந்தபோது பனியன் முதுகில் ஒரு பொத்தலும், அதைக் காட்டி ஓர் அம்பும் தெரிந்தன. உரிக்க மறந்துவிட்டோம்.

"இதென்ன ஒட்டிருக்கு?"

"கொறை எங்க இருக்குதுன்னு காட்டறதுங்க மைனி," என்றாள் அம்மா. நாத்தனாரை மைனி என்று கூப்பிடவும் அவள் தனியாக ஒப்பித்திருந்தாள்.

"அப்பம் சரியான ஆளு மேலதான் ஒட்டிருக்கு," என்றார் அத்தை.

அன்று சாயந்திரம் குடும்ப ஜெபத்துக்கு ஜமுக்காளம் விரித்தோம். கல்யாணத்துக்குத் தான் கொடுத்த வேதப்புத்தகத்தை எடுக்கச் சொன்னார் அத்தை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். மூட்டை கட்டிய அவசரத்தில் வேதம் குடோனுக்குப் போய்விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் படிக்கக் கேட்டார்கள் என்று அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்பா அடுத்த வீட்டுக்குப் போய் ஏதோ முணுமுணுக்க, பாயே அதைத் தட்டித் துடைத்து, புதுத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். படித்தீர்களா என்று அத்தை விசாரித்தார்.

"படிச்சனுங்கம்மா. ரொம்ப நல்லா இருந்துதுங்க," என்றார் அந்த நல்ல மனிதர். அட்டையிலிருந்து ஒரு நூல் பிசிறு பறந்து குடிலில் போய் விழுந்தது.

இரண்டு நாள் எப்படியோ இட்லி மாவும் ரசப்பொடியும் மானத்தைக் காத்தன. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அது போதாது. கம்பெனியில் வேலை நெருக்கினால் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கி, எல்லாம் இங்கேயே தைத்தது என்பார்கள். அம்மா அதையும் விடவில்லை. ஆலயத்திலிருந்து திரும்பியதும் அப்பா யாரையோ பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பாய் வீட்டு அடுப்பில் கறிக்குழம்பை ஏற்றினார். எங்கள் அடுக்களையில் அம்மா ஒரு பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டே நின்றாள். அத்தை வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கறிய எப்பம் போடுவ?"

"தண்ணி நல்லா வேகட்டும்னு பாக்கறனுங்க மைனி."

அதற்குள் லைன் வீட்டுக்காரர்கள் பலகாரத்துக்கு வந்துவிட்டார்கள். அத்தை டின்னைத் திறந்தார். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம். மூன்று நாள் அடுப்படியிலேயே கிடந்து தன் கையால் சுட்டது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தட்டுகளை நிரப்பும் வேலை என்னுடையது. டின்னின் அடிவரை கை போனபோது, செய்தித்தாளுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி தட்டுப்பட்டது. பெட்டி மேல் ஊர் பேக்கரியின் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தது. கையால் சுட்டதில் கடைப் பெயர் எப்படி வரும்? குறைதான். உதவி செக்கர் யோசிக்கக் கூடாது. பாவாடை ஓரத்தில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து, பேக்கரிப் பெயரைப் பார்க்கும்படி ஒட்டினேன். வாயால் சொல்லவில்லை.

வந்தவர்கள் போனதும் அப்பா கொல்லைப்புறமாகக் குழம்புப் பானையைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். அடுத்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பலாம் என்று அத்தை டின்னின் அடியில் கைவிட்டார். பெட்டியை எடுத்தார். அம்பைப் பார்த்தார். எதிரே நின்ற அம்மாவும் பார்த்தாள். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அத்தை அந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தார். அடுப்படிக்கு நடந்தார். பானையின் கழுத்தில் பாய் வீட்டம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில், அதைக் காட்டும்படி, அம்பை ஒட்டினார். அப்பா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குழம்பு அவருடைய கலைமான் மேல் சொட்டியது.

"ஒத்த ஆளுக்கு என்னத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க?" என்றார் அத்தை, யாரையும் பார்க்காமல். "சுட்டாலும் திங்க ஆளு வேணும்லா." பிறகு தம்பியிடம் திரும்பினார். "நீயே வெளம்புல. ஒளிஞ்சு ஒளிஞ்சு கரண்டியப் பிடிக்காத."

"சுடுதண்ணி நான் நல்லா வெப்பனுங்க மைனி," என்றாள் அம்மா.

அத்தை சிரித்து அன்றுதான் பார்த்தேன். தோள் குலுங்கிச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் அப்பா சமைக்க, அம்மா அத்தைக்குத் தலை பின்னிவிட்டாள். "புள்ள இங்கயே இருக்கட்டும்," என்று அத்தை சொன்னபோது, ஆடிட்டில் நாங்கள் பாஸ் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் குடோனிலிருந்து கழுத்துச் சாவியை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

இருபத்தேழாம் தேதி காலை பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் போய் ஏற்றிவிட்டோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். காலியான டின் அவர் மடியில் இருந்தது. டிரைவர் ஏறிய பிறகுதான் அத்தை பேசினார்.

"பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் நாள் கெடக்குல்லா. எங்கூட ரெண்டு நாளு வந்து இருந்துட்டு வாரியாட்டி?"

மற்ற பதில்களை எல்லாம் கண்ட இடத்தில் இறக்கிவைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது இந்த ஐந்தாவதுதான். கேள்வியும் பதிலும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், நிமிர்ந்து நின்று, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"இல்லீங்கத்தை, எனக்கு இங்கதான் புடிச்சிருக்குங்க."

"சரிட்டி," என்றார் அத்தை. கையை விட்டார்.

பஸ் திரும்பி மறையும்வரை அம்மா அங்கேயே நின்றாள். நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். "கரெக்ட்டுதான் கண்ணு," என்றாள், பஸ் போன பக்கமே பார்த்தபடி. ஒரு பதிலாவது தப்பில்லாமல் சொன்னதற்கு ஒரு முத்தமாவது கிடைக்கும் என்றிருந்த எனக்கு, வீடு வந்து சேரும்வரை அவள் மேல் கோபமாக இருந்தது.