சாய்ந்து கிடந்த மூன்றாம் பேஸ்

புனேயில் சம்பளம் கொடுத்து ஆடவைத்த பேஸ்பால் அணி ஒன்று இருந்தது என்றால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இருந்தது. லோஹேகாவ் பக்கம் ஒரு வாடகை மைதானம். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்தியே ஆக வேண்டும். நாலு வருடம் தள்ளாடிவிட்டுக் கலைந்தது. ஜெயித்த ஆட்டங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

நான் அங்கே மைக் பிடித்தவன். வார நாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மைக். யாரும் சொல்லித் தரவில்லை. ஷேர் ஆட்டோவிலும் சர்ச் வாசலிலும் பொறுக்கிய பழமொழிகள்தான் கைமுதல். தோற்கிற அணியைப் பார்க்க யார் வருவார்கள்? என் பேச்சைக் கேட்கத்தான் கூட்டம் வருகிறது என்ற நினைப்பு எனக்கு.

அணியில் ஒரே ஒரு தமிழன். தேஹு ரோட்டில் எங்களுக்கு அடுத்த தெரு, பூர்வீகம் எங்களைப் போலவே திருநெல்வேலி. ராணுவ டெப்போ வேலையை விட்டுவிட்டு ஆட வந்தவன். ஓடுகிறவர்கள் தொட வேண்டிய மூன்றாவது முனையான மூன்றாம் பேஸ் அருகே நின்று, தரையோடு வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். அவன் மட்டையோடு வரும்போதெல்லாம், "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்" என்பேன். கூட்டத்துக்குத் தமிழ் புரியாது. அவன் மட்டும் ஹெல்மெட்டைத் தொட்டுக்கொள்வான்.

மூன்றாம் வருடம் பந்துகள் அவனிடமிருந்து நழுவ ஆரம்பித்தன.

"அண்ணாச்சி, அங்கன தரை சாஞ்சு கெடக்கு. பந்து எங்கிட்டுத் துள்ளுதுன்னே தெரிய மாட்டேங்கு. நான் சொன்னா சாக்குன்னுவாங்க. நீங்க டீம் மொதலாளி காதுல போடுங்களேன்."

போய்ப் பார்த்தேன். பந்தை வைத்துக் கையை எடுத்தேன். தானாக உருண்டது. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. செலவு வைக்கிறவன் கையில் மைக் எத்தனை நாள் தங்கும்?

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். அடுத்த வருடம் யார் யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்க முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்து துள்ளி அவன் கால்களுக்கு நடுவே ஓடியது. கூட்டம் கப்சிப். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்!"

தமிழோடு நிறுத்தியிருந்தால் அவனோடு போயிருக்கும். நாக்கு அரித்தது. "நாச் ந ஜானே, ஆங்கன் டேடா!" என்று அதையே இந்தியிலும் எடுத்துவிட்டேன். மைதானமே சிரித்தது. முதலாளி தொடையைத் தட்டினார். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

பிறகு அவனே போய்த் தரையைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். முதலாளி என் வசனத்தையே திருப்பிச் சொல்லி அணியை விட்டே அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் அவனுக்குப் பதிலாக அதே இடத்தில் மாறி மாறி நின்ற இருவருக்கும் பந்து அப்படியேதான் துள்ளியது. அதற்கு நான் பழமொழி சொல்லவில்லை.

போன மாதம் தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறினால், உள்ளே அவன், மனைவியோடு. இப்போது ஏதோ கம்பெனி வாசலில் காவல் வேலையாம்.

"இவரு பேசுனா கூட்டமே சிரிக்கும்," என்று மனைவியிடம் சொன்னான், நல்ல மனசோடுதான்.

"அப்படியா? ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி, கேப்போம்," என்றாள் அவள்.

அவன் பக்கம் திரும்பி, "அங்க தரை சாஞ்சுதான் கெடந்துச்சு. நான் பாத்தேன்," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி," என்றான். "மொதலாளிக்குல்ல தெரியாமப் போச்சு."