இன்பாஸுக்கு மூன்று நூல்

பிறந்து ஒரு கிழமைக்குள் உயிர் போய்விடும் என்ற டொக்டரை இன்பாஸ் வென்றான். இதயத்தில் இருந்த ஓட்டையை வென்றான். மருதமுனையிலிருந்து கல்முனைச் சந்தைக்குத் தனியே பஸ் ஏறி, நல்ல இறாலாகப் பார்த்து வாங்கி வருகிறான். கரம்போர்ட் ஆட்டத்தில் மச்சான் ஷரிபுதீனை வென்றான். "நான் விட்டுக் குடுத்த" என்று மச்சான் சொல்வதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. இப்போது முப்பத்தொரு வயதில், கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கு நிறமூர்த்தம் படிப்பிக்கிறான்.

அந்தக் கடைசி வெற்றி மட்டும் அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி நஸீறாவின் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அதைக் கொடுத்தது அவள் இல்லை, பஸ்மிலா.

பஸ்மிலா உயிரியல் படித்துவிட்டு ஊருக்கு வந்த பக்கத்துத் தெருப் பிள்ளை. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நூல் போன்ற நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இருப்பதைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெயரையே போட்டுக் கூட்டம் வைத்தாள். 'நிறம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சனம் நிறைந்துவிட்டது. "மகளுக்குக் கலியாணம் பேசியிரிக்கி. வெள்ளையாக எத்தின நாள் எடுக்கும் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். பஸ்மிலா விழித்தாள். நஸீறாவோடு பின்வரிசையில் இருந்த இன்பாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் பஸ்மிலா நூல் கேட்டு வந்தாள். நஸீறா ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்கிறவள். தறிக்குப் பக்கத்தில் இருந்து இராட்டையில் நூல் சுற்றுவது இன்பாஸின் வேலை. மிஞ்சிய துண்டுகளை நிறமூர்த்தங்களாக வைத்து, நீளம் பார்த்துச் சோடி சோடியாக அடுக்கப் பஸ்மிலா அவனுக்குக் காட்டிக் கொடுத்தாள். நூல் நஸீறாவுடையது. பேர் மிஸ்ஸுக்கு.

இப்போது கிளினிக் மேசையில் துணி விரித்து அவனே அடுக்குகிறான். ஒரு நூல் வளைந்து கிடந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். இருபத்தோராவது சோடி வந்ததும் அதன் பக்கத்தில் இன்னுமொரு நூலை வைப்பான்; டவுன் சின்ட்ரோமோடு பிறந்த அவனிடம் கூடுதலாக இருப்பது அது.

"எனக்கு மூணு. உங்களுக்கு ரெண்டு." பிறகு, ஆறுதல் சொல்லும் குரலில், "உங்களுக்கு ஒன்டு குறைவு. என்ன செய்யிற."

தாய்மார் சிரிப்பார்கள். ஒருநாள் ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் மடியில் இன்பாஸின் கண்களைப் போலவே கண்களுள்ள குழந்தை. "நான் கிரகணத்தில வெளிய போனதாலயாம். மாமி சொல்ற," என்றாள்.

இன்பாஸ் இரண்டு நூல்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் காட்டினான். "இது பிரியக்குள்ள ஒட்டிக்கிட்டு வந்திட்டு. நீங்க ஒன்டும் செய்யல்ல."

வாசலில் நின்ற நஸீறாவுக்குப் பெருமையில் கண் நிறைந்தது. அடுத்த கணமே, அந்த வசனம் யாருடையது என்ற நினைப்பும் வந்து சுட்டது.

வீட்டில் அவன் வாயைத் திறந்தால் "மிஸ் சொன்ன" தான். சோறு வைத்தால், "மிஸ்ஸுக்கும் இறால் விருப்பம்."

"அப்ப மிஸ்ஸ ஆக்கித் தரச் சொல்லு."

அவன் யோசித்தான். "மிஸ்ஸுக்கு ஆக்கத் தெரியா."

அன்றைக்கு நஸீறா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பிறகு சுவரொட்டி வந்தது. மற்ற ஊர்க் கிளினிக்குகளிலும் ஒட்டுவதற்குப் பஸ்மிலா செய்தது. நடுவில், மூன்று நூலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இன்பாஸ்.

"படம் போடுறதுக்குச் சம்மதம் வேணும் ராத்தா. ஒரு கையெழுத்து."

பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அவனுக்காகக் கையெழுத்துப் போட்டவள் நஸீறா. அவள் பேனையை எடுத்தாள்.

"காக்காட படம். அவரு போடட்டும்," என்றாள் பஸ்மிலா, இன்பாஸை அண்ணன் முறை சொல்லி.

"அவன்ட விசயம் எனக்குத் தெரியும் புள்ள. எப்பயும் நான்தான் போடுற."

இன்பாஸ் தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். "என்ட படம்," என்றான்.

நஸீறா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பேனையைக் கொடுத்தாள்.

அவன் குனிந்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, 'இ'யின் சுழியிலிருந்து 'ஸ்'ஸின் புள்ளிவரை அவசரமில்லாமல் எழுதினான். நிமிர்ந்தவன் பஸ்மிலாவைப் பார்க்கவில்லை.

"ராத்தா, இண்டைக்கு என்ன திகதி?"

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: 2024 ஒக்டோபர் 9.