மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் ஆண்டனி

"மேடம், மின்னல் அடிச்சா எவ்ளோ நேரம் கழிச்சு இடி வரும்?" என்று ஆண்டனி அண்ணன் கேட்டபோது, நாங்கள் மதியச் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தோம். ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டார்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சிறிய பட்டறை எங்களுடையது. அவர் பேனல்களுக்கு வயரிங் செய்பவர். அவற்றோடு போகும் கையேடுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது என் வேலை.

அது தூரத்தைப் பொறுத்தது, கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்றேன். நாலு கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். பன்னிரண்டு விநாடி என்றேன். மனசுக்குள் எதையோ ஒப்பிட்டுப் பார்த்தவர்போல, "கரெக்டாத்தான் கீது," என்றார். பிறகு, தூரமே இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டார். இடைவெளியே இருக்காது, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வரும் என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"இத எழுதிக் குடுத்தா எங்க மாமியார் நம்புமா?"

"படிப்பாங்களா அண்ணா?"

"படிக்கத் தெரியாது. நான் சொன்னாலும் கேக்காது. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே எங்கிட்ட பேசறதில்ல."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது எனக்கு எளிதில் வருவதில்லை. அதனாலேயோ என்னவோ, அடுத்த சில வாரங்களில், வயர் முனைகளைச் சீவிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

ஆண்டனி அண்ணன் பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். இருபத்துமூன்று வயதுவரை கடலுக்குப் போனவர். கூடப் போனவன் லூர்துசாமி, சிநேகிதன். அவன் தங்கை ஆஷாவைத்தான் ஆண்டனிக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் திரும்பி வரும் வழியில் வானம் இருட்டியது. மின்னல் படகிலேயே இறங்கியது. லூர்துசாமி அங்கேயே போய்விட்டான். ஆண்டனிக்கு நினைவு வந்தபோது வேறொரு படகில் கிடந்தார். இடது காது அன்றோடு சரி. இன்றும் யாராவது பேசினால் வலது பக்கத்தைத் திருப்பித்தான் நிற்பார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதைத் திமிர் என்று நினைப்பார்கள்.

லூர்துசாமியின் அம்மா செசிலி அந்த நேரம் கரையில் நின்றிருந்தார். மின்னலைக் கண்டால் சிலுவை போட்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்வது அவர் வழக்கம். அன்றும் சொன்னார். ஜெபம் முழுதும் முடிந்து ஆமென் சொன்ன பிறகுதான் இடி கேட்டது. மகனை இடிதான் கொன்றது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. இடி விழுந்துதானே ஆட்கள் சாகிறார்கள்? ஆகவே அவர் கணக்கு இப்படி இருந்தது: மின்னல் எச்சரித்தது, ஒரு ஜெபம் சொல்லும் நேரத்தை மாதா கொடுத்தாள், பக்கத்தில் இருந்தவன் அந்த நேரத்தை வீணாக்கினான்.

சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். "நான் கரையில நின்னு ஒரு ஜெபம் முழுசா சொன்னேனே. அதுவரைக்கும் நீ போட்டுல இன்னா பண்ணிக்கினு இருந்தே? அவனப் புடிச்சுக் கீழ தள்ளக் கையி இல்லியா உனுக்கு?"

ஆஷா பிடிவாதமாக நின்று ஆண்டனியைக் கட்டிக்கொண்டார். செசிலி கோவிலுக்கு வந்தார், விருந்துக்கு இருக்கவில்லை. மகள் வீட்டுக்கு வருவார், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவார். மருமகன் உள்ளே வந்தால், "ஆஷா, யாரோ வந்துகீறாங்க பாரு," என்பார்.

கடலை விட்ட ஆண்டனி, வயர்மேனுக்கு ஐடிஐ படித்தார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கேரம் ஆடினால் இவர் ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டுகளைப் பொறுக்குவார். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் கத்தும் ஒரு பெட்டி செய்தார். குப்பத்துப் பெண்கள் அதை வாழ்த்தினார்கள், தூங்க நினைத்த ஆண்கள் திட்டினார்கள். மாமியாரிடம் உண்மையைச் சொல்லவும் ஒருமுறை ஆஷா மூலம் முயன்றார். கொல்வது மின்னல்தான், சத்தம் மெதுவாக நடந்து வருகிறது, அவ்வளவுதான் என்று சொல்லச் சொன்னார். "கரெண்டு படிச்சிட்டான் இல்ல, கத உடுறான்," என்று பதில் வந்தது.

அந்த வருடம் அவர்கள் தெருவில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று தெருப் பையன்களுக்குத் தலைவனான பிரசாத் ஆண்டனியைக் கேட்டிருந்தான். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரி, புயல், படகில் தூங்கும் இயேசு. மின்னலும் இடியும் நிஜம்போல இருக்க வேண்டும். பிரசாத்துக்கு அது வேடிக்கை. ஆண்டனிக்கு, மாமியார் முன்னால் பேச வாயில்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வழி.

முதலில் செய்ததைப் பட்டறைக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். பஞ்சு மேகத்துக்குள் வெள்ளை எல்இடி பட்டைகள் ஒரே சீராக அணைந்து எரிந்தன. கல்யாண மண்டப சீரியல் லைட் மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்தார், ஆனால் அன்றிரவே மாற்றிவிட்டார். முதலில் மங்கலாக ஒரு துடிப்பு, பிறகு கண்ணைக் கூசவைக்கும் இரண்டு, கடைசியில் மெல்லத் தேய்ந்துபோகும் வெளிச்சம். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது. இடிக்கு ஸ்பீக்கரை மீன் வைக்கும் நீல டிரம்முக்குள் இறக்கினார். உறுமல் வயிற்றில் கேட்டது. ஆனால் ஒவ்வொரு இடிக்கும் போர்டு செத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் இழுப்பில் போர்டுக்குக் கரெண்டு போதவில்லை. இரண்டுக்கும் தனித்தனி சப்ளை கொடுத்த பிறகு அது நின்றது.

முக்கியமான பாகம் பெட்டியின் முன்பக்கம் இருந்தது. பழைய சவுண்ட் மிக்ஸரில் இருக்குமே, மேலும் கீழும் தள்ளும் பொத்தான், அதைப் படுக்கைவாட்டில் பொருத்தி, அதன் தலையில் தெர்மாகோல் படகு ஒன்றை ஒட்டியிருந்தார். படகு இடது கோடியில் கரையில் இருந்தால், மின்னலுக்கு வெகுநேரம் கழித்து இடி வரும். வலது பக்கம், மேகத்தை நோக்கித் தள்ளத் தள்ள இடைவெளி குறையும். மேகத்தின் நேர்கீழே இரண்டும் ஒன்றாக வரும். கரையின் இடைவெளியை அவர் விநாடிக் கணக்கில் வைக்கவில்லை. ஆஷாவை ஜெபம் சொல்லச் சொல்லி, போனில் அளந்து வைத்தார்.

குடில் திறந்த அன்றே பிரசாத் முணுமுணுத்தான். "நைனா, டைமிங் மிஸ் ஆவுது. படத்துல எல்லாம் டமார்னு ஒண்ணா வரும்." ஆண்டனி கேட்காத இடது காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் என்னையும் அழைத்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போனேன். குடிலைச் சுற்றிக் கூட்டம். பிள்ளைகள் படகைத் தள்ளுவதும், இடி வந்ததும் கத்துவதுமாக இருந்தார்கள். ஆண்டனி அண்ணன் எதிர்ச் சுவரோரம், கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஆஷா தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். செசிலி சின்ன உருவம். இப்போதும் மீன் விற்கிறவர். பெட்டியைப் பார்த்ததும் மருமகன் கைவேலை என்று தெரிந்து திரும்பிப் போகப் பார்த்தார். ஆஷா விடவில்லை.

படகு கரையில் இருந்தது. மின்னல் அடித்தது. செசிலியின் கை தானாகச் சிலுவை போட்டது. உதடுகள் அசைந்தன. ஆமென் சொல்லி முடித்தார், டிரம் உறுமியது. அவர் சட்டென்று ஆஷாவைப் பார்த்தார். எந்த நாளின் இடைவெளி அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆஷா படகைக் கொஞ்சம் தள்ளினார். மறுபடி மின்னல், ஜெபம். பாதி ஜெபத்தில் இடி வந்துவிட்டது. இன்னும் தள்ளினார். 'அருள் நிறைந்த' என்பதோடு நின்றது. பிள்ளைகள் தங்கள் முறை எப்போது என்று நச்சரித்தார்கள், பிரசாத் அவர்களை அடக்கினான். அதற்குள் அவனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

கடைசித் தள்ளலை செசிலியே செய்தார். படகு மேகத்தின் அடியில் போய் நின்றது. அவர் வாயைத் திறந்தார். முதல் சொல் வெளியே வருவதற்குமுன் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன.

பிறகு, எத்தனையோ வருடங்களில் முதன்முறையாக மருமகனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உனுக்கு நேரமே குடுக்கலியா?"

ஆண்டனி அண்ணன் வலது காதைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இல்ல அத்தே."

"அவனுக்கு?"

"அவனுக்கும்தான். சிரிச்சிக்கினு இருந்தான். எதுக்குன்னு எனுக்கு ஞாபகம் வரல."

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். செசிலி உட்காரவில்லை. பிள்ளைகளுக்கு வழிவிட்டு, ஆஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆண்டனி பின்னால் போவதா வேண்டாமா என்று தெரியாமல் குடிலருகே நின்றார். அவர் அன்று மகிழ்ந்தார் என்று என்னால் எழுத முடியவில்லை. ஒருவர் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்த கோபத்தை அவரிடமிருந்து வாங்கிவிட்டால், அவர் கையில் அப்புறம் என்ன இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த அன்று அவர் நேராக என் மேசைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடலுக்குப் போகப் போவதாகச் சொன்னார். அந்த இடத்தை மாமியார் பார்க்க வேண்டும் என்கிறாராம், பூ போட வேண்டுமாம், ஆண்டனிதான் காட்ட வேண்டுமாம். பொம்பளை படகில் ஏறுவதா என்று பிரசாத்தின் அப்பா தயங்கியபோது, "நீ வேணா கரையில நில்லு, உன் போட்ட மட்டும் குடு," என்றாராம் செசிலி. லூர்துசாமி போன நாளிலிருந்து ஆண்டனி அண்ணன் அலையில் கால்கூட நனைத்ததில்லை.

பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். மேசையில் கிடந்த வயர் துண்டை எடுத்து விரலில் சுற்றினார்.

"ஆஷா வராது மேடம். அண்ணன் போன அன்னைக்கும் அதுதான் அம்மாகூடக் கரையில நின்னுச்சு. இப்போ நாங்க ரெண்டு பேரும் போறோம். நீங்க அன்னைக்குக் கொஞ்சம் வந்து அது பக்கத்துல நில்லுங்க. எதுவும் பேச வேணாம், நீங்கதான் பேசவே மாட்டீங்களே. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் நின்னா போதும்."