இரண்டு மணிக்குப் பிறகு மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வானிலை அறிக்கையைக் கேட்கவே தேவையில்லை. சப்ரகமுவ மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். காலையில் வானம் கழுவி வைத்தது போல இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் வீடு திரும்பிச் சோறு தின்று கை கழுவும்போது மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும். நான் கேகாலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே நின்றாலும் அந்த நேரமானால் வானத்தை எட்டிப் பார்ப்பேன். எங்கள் அடுப்படிச் சுவர் நினைவுக்கு வந்துவிடும்.

தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், எங்கள் பக்கத்து வீடு கங்காணியுடையது. அம்மாவுக்கு வேலை கொடுப்பதும் அவர்தான். சென்ற வெயில் காலத்தில் அவர் தன் வீட்டுப் பின்பக்கத்தை நிரவி சிமெந்து போட்டார். சரிவு முழுவதும் எங்கள் பக்கம். அவர் கூரையில் விழுகிற தண்ணீரெல்லாம் அந்தத் தரை வழியாக நேரே எங்கள் சுவருக்கு வரும். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர். அதை ஒட்டித்தான் நானும் அம்மாவும் பாய் விரித்துப் படுப்போம்.

சிமெந்து காய்வதற்குள் அம்மா போய்க் கேட்டாள்.

"அண்ணே, ஓரமா ஒரு கான் வெட்டி தண்ணிய அந்தப் பக்கம் திருப்பி விடுங்களேன். சொவரு தாங்காதுங்க."

"மழை வந்தா பாத்துக்கலாம் தங்கச்சி" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்று நினைத்தே மறக்காமல் வைத்திருந்தேன்.

மழை வந்தது. அடுப்புக்குள் தண்ணீர் நின்றது, சுவர் வயிறு தள்ளியது. பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தோம். அம்மா மறுபடி கேட்டாள். கங்காணிக்குக் காது கேட்கவில்லை. அதற்கு மேல் பேசினால் தூரத்து மலைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். நான்தான் தோட்டத்து ஆபீசில் போய் முறையிட்டேன். பார்க்க வந்தார் தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத்துரை, நல்ல வெயிலில், காலில் பளபளக்கும் சப்பாத்தோடு. சிமெந்துத் தரை பொரித்த அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

"கோ வத்துர?" என்றார். தண்ணீர் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறாராம். எங்களுக்குப் பொறாமை என்று கங்காணி கைகட்டிக்கொண்டு விளக்கம் சொன்னார். இரண்டு மணிக்குப் பிறகு வந்து பாருங்கள் என்றேன். மழையில் எந்தத் துரை வருவார்? மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கங்காணி வயதுக்கு வந்த மகளுக்குச் சடங்கு வைத்தார். பந்தல் அதே சிமெந்துத் தரையில். மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே நேரம் குறித்திருந்தார், கெட்டிக்காரர். ஆனால் சின்னத்துரை வந்து உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைக்கு மாலை போட வேண்டும் என்று ஓர் ஆசை அவருக்கு. சின்னத்துரை எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை என்பது தோட்டத்து நாய்க்கும் தெரியும்.

நான் முன்னமே உரப்பைகளில் மண் நிரப்பி வைத்திருந்தேன். "இப்பவே அடுக்கிருவோமே" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்கம்மா" என்றேன். ஞாயிறு காலை பந்தலில் பாட்டு அலறும்போது, எங்கள் எல்லையில், சிமெந்து முடிகிற ஓரம் முழுக்க மூட்டைகளை அடுக்கினோம். இடுக்குகளில் களிமண் அப்பி மிதித்தேன். மிதிக்க மிதிக்க எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது.

சின்னத்துரை வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மாலை போட்டு, படம் பிடித்து, இலை போட்டார்கள். முதல் இடி விழுந்தது. பந்தலுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்ததால் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் கூரைத் தண்ணீர் தரைக்கு வந்தது, போக வழியில்லாமல் நின்றது, ஏறியது. செருப்புகள் மிதந்தன. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளையை அம்மா எங்கள் முன்னறைக்குக் கூட்டிவந்து துடைக்கத் துவாயும் குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்தாள். அவள் மேல் எங்களுக்கு என்ன கோபம்?

சின்னத்துரையின் சப்பாத்து முழுகிவிட்டது. நான் குடையோடு மூட்டை வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மென்ன வத்துர, சேர்" என்றேன். இதோ தண்ணீர்.

அவர் தண்ணீரைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், வயிறு தள்ளி நின்ற எங்கள் சுவரைப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் கங்காணியைப் பார்த்து, நாளைக் காலையிலேயே கான் வெட்ட வேண்டும் என்று கத்தினார். பாவம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சு குளிர்ந்துபோய் நின்றேன்.

கங்காணி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்த மூட்டைகள கொஞ்சம் எடுத்து விடும்மா. பந்தியில ஆளுங்க உக்காந்திருக்காங்க."

அம்மா பிள்ளை குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மழை விட்டா பாத்துக்கலாம் அண்ணே" என்றாள்.

அன்றைக்கு மழை விடும்போது ஊரே தூங்கிவிட்டது.