தனியேலாவின் பாவாடை

விறைத்த வலைத்துணி தையல் மெசினுக்குள் நகரும்போது எழும் கரகரப்புத்தான் எனக்குப் பத்து வயதான அந்த வசந்தகாலத்தின் சத்தம். போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்றை அந்த வெள்ளைத் துணியே பிடித்துக்கொண்டதால், அப்பாவும் நானும் "குசினி" என்ற சமையலறைக்குள் படுத்தோம்.

அம்மா பகலில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியப் பெண்மணியின், "சிஞ்ஞோரா"வின், வீட்டில் துப்புரவு வேலை செய்தார். பின்னேரங்களில் எங்கள் தமிழாட்கள் பெண் பிள்ளைகள் பெரியவளானதும் செய்யும் சாமத்தியச் சடங்குகளுக்கு உடுப்புத் தைத்தார். சிஞ்ஞோராவின் அதே கட்டடத்தில் ஒரு முதியவரைப் பராமரித்துவந்த, பெரு நாட்டைச் சேர்ந்த ரோசா, தன் மகள் தனியேலாவுக்குப் பதினைந்து வயதாகப் போகிறது என்று ஒருநாள் படிக்கட்டில் நின்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அந்தப் பிறந்தநாளைக் கல்யாணம்போலக் கொண்டாடுவார்களாம்; நிலம் தொடும் அகன்ற பாவாடை இல்லாமல் அது நடக்காதாம்; இங்குள்ள கடைகளிலோ தங்களால் வாங்கக்கூடியதாக ஒன்றும் இல்லையாம். நான் தைத்துத் தருகிறேன் என்று அம்மா அங்கேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

"பழக்கமில்லாத வேலைக்குள்ளை ஏன் தலையைக் குடுக்கிறாய்?" என்றார் அப்பா.

"நாங்கள் எங்கடை பிள்ளையளுக்குச் செய்யிறதைத்தானே அவையும் செய்யினம். தெரியாததைக் கேட்டுத் தைப்பன்."

முதன்முறை போட்டுப் பார்த்தபோது பாவாடை கால்களோடு ஒட்டித் தொங்கியது. தனியேலா கண்ணாடியைப் பார்த்து அழுதாள். யாரிடமாவது இரவல் வாங்கலாம் என்று ரோசா மகளைத் தேற்றியது அம்மாவைச் சுட்டிருக்க வேண்டும். அன்றே தையல் முழுவதையும் பிரித்தார். சந்தையில் மரக்கறிப் பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் நாடாக்களைப் பொறுக்கிவந்து வளையங்களாக்கி, என்னை நடுவில் நிறுத்தி, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டினார். உட்கார்ந்தால் முன்பக்கம் எழும்பி என் முகத்தை மறைத்தது. அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

விழா ஞாயிற்றுக்கிழமை; பாவாடை இன்னும் முடியவில்லை. அன்று தன் வீட்டில் விருந்து, வேலைக்கு வரவேண்டும் என்று சிஞ்ஞோரா வெள்ளிக்கிழமை சொன்னார். முடியாவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றார். அம்மா அந்த வீட்டுச் சாவியை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"வேலை இல்லாமல் 'பெர்மெஸ்ஸோ' எப்பிடிப் புதுப்பிக்கிறது?" என்றார் அப்பா. இங்கே தங்கியிருக்கும் அனுமதியே அந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

"கடை போட்டுப் புதுப்பிப்பன்," என்றார் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிறு பின்னேரம், தேவாலயத்தின் சிறு மண்டபத்தில் தனியேலா தன் மாமனோடு ஆடினாள். அவள் சுழன்றபோது பாவாடை ஓரிடமும் சரியாமல் வட்டமாக நின்றது. பாட்டு முடியும் முன்பே தாய்மார் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் பெண்களைக் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். ஸ்பானிய மொழி தெரியாத அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டி "ஓம், ஓம்" என்றார். அந்த ஆண்டு முடியுமுன் சீசா என்ற பகுதியில் ஒரு பழைய செருப்புக் கடையை வாடகைக்கு எடுத்து மெசினைக் கொண்டுபோய் வைத்தார். முதல் நாள் கடைக் கதவைத் தூக்கிவிட்டவர் அப்பாதான்.

இன்று அந்தச் சந்தைக்கு மேலுள்ள வீடுகளில் பெட்டிகளை இழுத்துவரும் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். அன்று அம்மாவைச் சூழ்ந்து நின்ற குடும்பங்களில் பல மிலானுக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டன. இனி யாருக்குத் தைக்கப் போகிறீர்கள் என்று போன கிழமை கேட்டேன்.

"கொலம்பியாவிலையிருந்து புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்," என்றார். "அளவெடுக்கப் போறன். நீயும் வாறியே?"